தம்பிக்கு நான்கு அரியர், வாரம் இரண்டு குவார்ட்டர்: படிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். தம்பிக்கு 19 வயது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து பிளஸ் டூவில் 600-க்கு 498 வாங்கினான். காரைக்குடியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். முதல் செமஸ்டர் முழுதும் பாஸ். இரண்டாவதில் ஒரு அரியர். இப்போது வந்த மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட்டில் மூன்று. அட்டெண்டன்ஸ் குறைந்து, பணம் கட்டித்தான் பரீட்சை எழுதியிருக்கிறான். வெள்ளி, சனி ராத்திரிகளில் ரூம் பையன்களோடு ஆளுக்கொரு குவார்ட்டர் என்று அவனே ஒப்புக்கொண்டான். தீபாவளிக்கு வந்தபோது குடித்துவிட்டு வாந்தி எடுத்தான். எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்பது மறுநாள் அவனுக்கே தெரியவில்லை. "நாங்க குடிக்கலையா, விடிஞ்சா போட்டுக்குப் போகலையா? படிப்பு ஏறலைன்னா வந்து வலையைப் பிடிக்கட்டும்" என்கிறார் அப்பா. அம்மாவோ கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டவேண்டும் என்கிறார். சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தம்பி குடிகாரன் ஆகிவிட்டானா? படிப்பை நிறுத்திவிடலாமா?

- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, படிப்பை நிறுத்த வேண்டாம். பொடி வேண்டவே வேண்டாம். கயிறு விஷயத்தில் ஒரு யோசனை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். "குடிகாரனா" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, எவ்வளவு உள்ளே போகிறது, அது படிப்பில் எந்த இடத்தைக் கடிக்கிறது என்று முதலில் பார்ப்போம். வழி அங்கேதான் இருக்கிறது.

ஒரு குவார்ட்டர் 180 மி.லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 77 மி.லி., எடையில் சுமார் 61 கிராம். ஒரே தடவையில் 60 கிராமைத் தொட்டாலே அதை அளவுமீறிய குடி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான்க்கா" என்று தம்பி சொல்லும் அளவு அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. 8 சதவீதமுள்ள 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 41 கிராம் இருக்கும். பீர் என்றால் சும்மா என்று பையன்கள் நினைப்பது தவறு.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் எரிக்கும். மோர், எலுமிச்சை, காபி, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஆக, இரவு பத்தரைக்கு முடித்த குவார்ட்டர் ரத்தத்தைவிட்டுப் போக விடிகாலை நாலரையும் ஆகலாம், ஏழரையும் ஆகலாம். அந்த நேரம் முழுக்கத் தூங்கினாலும் அது தூக்கக் கணக்கில் சேராது. மது முதல் பாதி இரவில் ஆளை அடித்துப் போட்டதுபோல் தூங்க வைக்கும். பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகும், கனவு வரும் தூக்கம் குறையும். பகலில் படித்தது மூளையில் படிந்து நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும். அது கெட்டால் அன்றைக்குப் படித்ததில் ஒரு பங்கு வீண்.

வெள்ளி, சனி குடித்தால் திங்கள்கிழமை வகுப்பு ஏன் போகிறது என்று கேட்பீர்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு எழுந்தவனுக்கு அன்றிரவு இரண்டு மணிவரை தூக்கம் வராது. திங்கள் முதல் இரண்டு மணி நேர வகுப்பு காலி. கொஞ்ச நாளில் திங்களே காலி. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 75 சதவீதத்துக்கு 68 நாள் போகவேண்டும், 22 நாள் விடலாம். வாரம் ஒரு நாள் வீதம் 18 வாரத்தில் 18 நாள் போனால் மிச்சம் நாலு. ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம், திருவிழா, அவ்வளவுதான், 75-க்குக் கீழே. பணம் கட்டி எழுதினான் என்றீர்களே, அது இப்படித்தான் நடந்திருக்கும். வேதியியலில் இன்னொரு சிக்கல்: தவறிய பிராக்டிகல் திரும்ப வராது. ரெக்கார்டு பாதியில் நின்றால் இன்டர்னலும் சேர்ந்து விழும்.

ஆகவே இந்த வயதில், இந்த அளவில், அவர் மூளை கெட்டுப்போய் அரியர் வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். முதலில் போனது காலை நேரமும் தூக்கமும். அவை திரும்ப வரக்கூடியவை. தீபாவளி இரவை மட்டும் நான் லேசாக எடுக்கமாட்டேன். நடந்ததே நினைவில்லை என்றால், அந்த நேரத்தில் மூளை நினைவைப் பதிவு செய்வதையே நிறுத்தியிருக்கிறது. வேகமாக, வெறும் வயிற்றில், அதிகம் குடிக்கும்போது இது வரும். விடுதிச் சனிக்கிழமைகளிலும் இப்படி நடக்கிறதா என்று அவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. வலை இழுப்பதும் மீன் பிரிப்பதும் இருபது வருடமாகக் கையில் ஏறிய வேலை. மறுநாள் தலை கனத்தாலும் பழகிய கை செய்துவிடும் (டெக்கில் வழுக்கி விழுவதும் வின்ச்சில் கை மாட்டுவதும் அந்த நாட்களில்தான் என்பது அவருக்கே தெரியும்). புதிதாக ஒன்றைப் புரிந்துகொண்டு, மூன்று மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும் வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்களை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே வளாகம், ஒரே பாடத்திட்டம். 21 வயது நிறைந்து சட்டப்படி குடிக்கலாம் என்று ஆனதும் மதிப்பெண் இறங்கியது. அதிகம் இறங்கியது நன்றாகப் படிக்கிறவர்களுக்கு. 498 வாங்கிய பையனின் அப்பாவிடம் சொல்லவேண்டிய செய்தி இது.

இன்னொன்றையும் நேராகப் பாருங்கள். அரியர் வந்ததால் குடித்தானா, குடித்ததால் அரியர் வந்ததா? உங்கள் கடிதத்தில் முதல் அரியர் இரண்டாம் செமஸ்டரில். குடி அப்போதே இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு முதல் வருடம் பாடமே பாதிதான் புரியும். எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். வகுப்பில் வாய் திறக்காதவன் சனிக்கிழமை ராத்திரி ரூமில் மட்டும் சத்தமாகச் சிரிக்கிறான், நாலு பேர் அவன் பேச்சைக் கேட்கிறார்கள். அவன் குடிப்பது சரக்குக்காக மட்டும் அல்ல, அந்த நாலு பேருக்காகவும்தான். குடியை மட்டும் பிடுங்கிவிட்டு பாடம் புரியாததை அப்படியே விட்டால் ஒரு மாதம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. எந்தத் தாள், எந்த யூனிட்டில் இருந்து புரியவில்லை என்று தாள்வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் கரையில் ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பரை ஒட்டி வருகிறது. அது வடகிழக்குப் பருவக்காற்று, கடலுக்குப் போகமுடியாத நாட்கள் அதிகம். இரட்டைப்படை செமஸ்டர் ஏப்ரலை ஒட்டி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருடத்தின் இரண்டு தேர்வுக்கும் சரியாக வீட்டில் பணம் வற்றுகிறது, அப்பா வீட்டில் இருக்கிறார், சண்டையும் இருக்கிறது. தேர்வுக் கட்டணம், மெஸ் பாக்கி என்று அவன் போன் செய்வதும் அப்போதுதான். ஏப்ரல் தேர்வுக்கான கட்டணத்தையும் அரியர் கட்டணத்தையும் பிப்ரவரியிலேயே தனியாக எடுத்து வையுங்கள். படகு ஓடும் மாதத்தில் அது முடியும். அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை ஆயிரம் ரூபாய் தம்பி கணக்கில் வருகிறது என்றால், அது எதற்கு என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இப்போது பேசும் முறை. போனில் தொடங்கலாம், முடிப்பது நேரில். ஞாயிறு காலையும் வேண்டாம், சனி இரவும் வேண்டாம். புதன், வியாழன் மாலை நல்லது. அம்மா அழுதுகொண்டு பக்கத்தில் இருக்கக்கூடாது, சித்தப்பா, மாமா யாரும் கூடாது. "உன்னை வையிறதுக்குக் கூப்பிடலடா. நாலு பேப்பர் நிக்குது, ஏப்ரல்ல என்ன செய்யலாம்னு பாக்கணும்" என்று தொடங்குங்கள். பிறகு கேள்வி மட்டும்: வாரம் எத்தனை நாள், எவ்வளவு, யாரோடு, கடைசியாக எப்போது குடிக்காமல் ஒரு சனிக்கிழமை போனது, குடிப்பதில் உனக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன. கடைசி இரண்டையும் விடாதீர்கள். பிடிக்காததை அவர் வாயால் சொல்லும்போதுதான் மாற்றத்துக்கு வழி திறக்கும். "குடிகாரன்" என்ற சொல் அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வரக்கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் ஆபத்தான குடி, 16-ஐத் தொட்டால் கேடு செய்யும் குடி, 20-ஐத் தொட்டால் அடிமைநிலையா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். பத்து கிராமை ஒரு டிரிங்க் என்று கொண்டால் ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். வாரம் இரண்டு முறை என்பதற்கு 3, ஒரு தடவைக்கு ஐந்தாறு டிரிங்க் என்பதற்கு 2, ஆறு டிரிங்க் வாரந்தோறும் என்பதற்கு 3. முதல் மூன்று கேள்வியிலேயே உங்கள் தம்பிக்கு 8 வந்துவிட்டது. மிச்சம் ஏழில் நினைவு தப்பியதும் ஒரு கேள்வி, வீட்டார் கவலைப்பட்டதும் ஒரு கேள்வி. அவரே போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் மார்க் போடாதீர்கள்.

அடிமைநிலையின் அடையாளம் வேறு: விடிந்ததும் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், ஒரு மடக்கு போட்டால் அது அடங்குவது. அது இருந்தால் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஆள் தடுமாறிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து இறக்குவார்கள். வார இறுதியில் மட்டும் குடிப்பவருக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. உங்கள் தம்பி சொன்னது உண்மையென்றால் அவர் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வாரநாட்களும் சேர்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வயதில் சொல்லும் அளவைவிட உண்மை அளவு கூடத்தான் இருக்கும்.

பொடியைப் பற்றி. அப்படி விற்பதில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. குடியை விட வைக்க மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மாத்திரை கலந்திருந்தால், அதைச் சாப்பிட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். மருத்துவர் அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது நோயாளி சம்மதித்து, கல்லீரல், இதயம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார். 19 வயது வார இறுதிக் குடிக்கு அது முதல் மருந்தும் அல்ல. தவிர, சோற்றில் கலந்தது ஒரு நாள் தெரிந்தால் அக்கா கையால் அவர் மறுபடி சாப்பிடமாட்டார்.

கயிறு கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, அவரே விரும்பினால். இழுத்துக்கொண்டு போய்க் கட்டினால் பயனில்லை. இதில் தவறுவது இரண்டு இடம். ஒன்று, கெடு முடிந்து கயிறு அவிழ்க்கும் அன்றே "விருந்து" நடப்பது. கெடு ஏப்ரல் தேர்வின் கடைசித் தாளைத் தாண்டி இருக்கட்டும், அவிழ்க்கும் நாளில் அவர் ஊரில் இருக்கட்டும். இரண்டாவது பெரிது: நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால், "சத்தியம் உடைஞ்சிருச்சு, இனி என்ன" என்று அந்த வாரம் முழுக்கக் குடிப்பது. ஒரு தடவை தவறினால் மறுநாள் போன் செய்து சொல்லவேண்டும், அதிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். சாமி விஷயத்தில் இந்த விதிவிலக்கை அம்மா ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்குவார். ஒப்புக்கொள்ள வையுங்கள்.

ஏப்ரல் வரை முழு நிறுத்தம் என்பதே என் பரிந்துரை. 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு டாஸ்மாக்கில் விற்பதே சட்டப்படி தவறு. "குறைச்சுக்கிறேன்க்கா" என்றால், எவ்வளவு என்று எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்குகிறவர் குறைக்கப்போவதில்லை.

எல்லாவற்றிலும் பலன் தருவது அறை மாற்றம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. கல்லூரிக்கு வருமுன்பே குடித்துப் பழகியவனை அறைத்தோழனாகப் பெற்ற ஆண் மாணவர்களின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில் கால் புள்ளி குறைந்தது. தானும் முன்பே குடித்துப் பழகியிருந்தால் இறக்கம் இன்னும் அதிகம். ஆகவே வார்டனிடம் போய் அறை கேட்க வேண்டும். "குடிக்கிறான், காப்பாத்துங்க சார்" என்று சொல்லிவிடாதீர்கள். பல விடுதிகளில் அடுத்த நடவடிக்கை வெளியே அனுப்புவதாக இருக்கும். வெளியே நாலு பேர் எடுத்த வாடகை ரூமுக்குப் போனால் வாரம் இரண்டு நாள் ஐந்தாகும். "நாலு அரியர் நிக்குது, படிக்கிற பையன்களோட போடுங்க" என்பதே போதும், அது பொய்யும் இல்லை. வகுப்பு ஆலோசகர் அல்லது மென்டார் நம்பத்தக்கவர் என்று தம்பிக்குத் தோன்றினால், அவரிடம் தம்பியே சொல்லட்டும்.

"எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்பார். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவர். குடிக்கிற நாலு பேரோடு ஒரே அறையில் இருப்பவனுக்கு உலகமே குடிப்பதாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை எங்கே இருப்பது என்பதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். காரைக்குடியிலிருந்து ஊருக்கு வாராவாரம் வரச் சொல்லாதீர்கள். வந்தால் படகுக்குப் போவார், கரை திரும்பிப் பங்கு பிரித்ததும் பெரியவர்கள் ஒரு கட்டிங்கை இவர் கையிலும் கொடுப்பார்கள். நம் பையன்கள் பலருக்கு முதல் மடக்கு கூலியோடு சேர்ந்துதான் வருகிறது. மாதம் ஒரு முறை போதும். வந்தாலும் கூலி வாங்கிக்கொண்டு நேரே வீடு. அப்பாவிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றே: அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள், அவன் முன்னால் ஊற்றாதீர்கள். அவர் குடியை நிறுத்தச் சொல்லி அதே பேச்சில் சண்டை பிடித்தால் இரண்டும் கெடும்.

பணத்தை ஒரேயடியாக வெட்டாதீர்கள், கடன் வாங்கிக் குடிப்பார். மெஸ் பணத்தை நேரே விடுதிக்குக் கட்டுங்கள். கைச்செலவை மாதத்துக்கு மொத்தமாக ஜிபே செய்யாமல் திங்கள்தோறும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள்.

படிப்பில், நாலு அரியரும் இந்த செமஸ்டர் ஐந்து தாளும் சேர்த்து ஒன்பதையும் ஏப்ரலில் தூக்கிவிடுவேன் என்பார். நம்பாதீர்கள். நடப்புத் தாள் ஐந்தும், அரியரில் இரண்டும் போதும். எந்த இரண்டு? பொதுவாக இன்டர்னல் மதிப்பெண் அரியரிலும் அப்படியே நிற்கும். 25-க்கு 17, 18 இருக்கும் தாளில் எழுத்துத் தேர்வில் குறைந்தபட்சம் எடுத்தாலே கரையேறலாம். 6 இருக்கும் தாளில் 40-ஐத் தொட 75-க்கு 34 வேண்டும். இன்டர்னல் கூடிய இரண்டை முதலில் எடுக்கட்டும். படிக்கும் நேரம் காலை. இரவு பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுவதை ஞாயிறு உட்பட மூன்று வாரம் பிடித்தால் திங்கள் வகுப்பு தானாகக் கையில் வரும். நிறுத்திய முதல் வாரம் தூக்கம் சரியாக வராது, எரிச்சல் இருக்கும். அதைப் பார்த்து "குடிச்சப்பவே நல்லாத்தான் இருந்தான்" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அவர் அறையில் இருப்பவர்களுக்கும் தெரியவேண்டியது ஒன்று. குடித்தவன் எழுப்பினாலும் எழவில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மோரோ தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே பத்து வினாடி இடைவெளி, உடல் சில்லிட்டு உதடு நீலம் என்றால் வார்டனுக்குப் பயப்படாமல் உடனே 108.

உதவிக்கு: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். முதல் போனை அவரே பேசட்டும். காரைக்குடியிலிருந்து பக்கத்தில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊருக்கு வரும்போது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டிலும் மனநலப் பிரிவு புற நோயாளிச் சீட்டு காலையில் போடவேண்டும். இந்த அளவுக் குடிக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று அமர்வு ஆலோசனையே போதுமானது. ஒருமாதிரி துவண்டு இருக்கிறார், செத்துவிடலாம்போல் இருக்கிறது என்ற பேச்சு வந்தால் மட்டும் அமர்வு, தேதி என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பேசலாம், குடும்பத்தாரையும் பார்ப்பார்கள். போகும்போது மார்க் ஷீட் நகலையும், எந்தெந்த நாள் எவ்வளவு குடித்தார் என்று உங்களுக்குத் தெரிந்த கடைசி ஒரு மாதக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.